சுழலும் விண்மீன்களின் வரலாறு



விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையேயுள்ள நேர்த் தொலைவு சுமார் 37 கிலோமீட்டர். புகைவண்டியில் ஏறி அமர்ந்து, அன்றைய நாளிதழைப் புரட்டி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. இந்தச் சிறிய இடைவெளிக்குள் நம் சூரியனைவிட எடை மிகுந்த விண்மீன் ஒன்றை முழுதாக வைத்துவிடலாம். வைத்த பின்னரும் இரு புறமும் சில கிலோமீட்டர் இடம் எஞ்சும் என்று சொன்னால் நம்புவீர்களா? சூரியனின் குறுக்களவு ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். அதனினும் எடை மிகுந்த பொருள் 20 முதல் 25 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது என்பது கற்பனை அன்று. அத்தகைய விண்மீன்கள் இன்று ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றிற்கு நியூட்ரான் விண்மீன்கள் என்று பெயர்.

அவற்றின் அடர்த்தியை உணர்வதற்கு ஓர் எளிய கணக்கைச் செய்து பார்ப்போம். திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காடு எனப் பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பர். அப்புளியின் கொட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பருமன் ஏறத்தாழ அரைக் கன செண்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. அதே பருமன் உள்ள நியூட்ரான் விண்மீனின் பொருளை எடுத்து நிறுக்க முடியுமானால், அதன் எடை சுமார் 20 கோடி டன் இருக்கும். அணுவின் நடுவே உள்ள அணுக்கரு எவ்வளவு அடர்ந்ததோ, அவ்வளவுக்கும் மேலாக அடர்ந்தது இவ்விண்மீனின் உட்பகுதி. ஆகவேதான் அதை அடர்ந்த அணுக்கருப் பொருள் என்று அறிஞர்கள் அழைக்கின்றனர்.

இவ்விண்மீன்கள் பம்பரம்போல் சுழல்கின்றன. அச்சுழற்சியும் அவ்வடர்த்தியும் கூடுமிடத்தில், குவாண்டம் பிறழ்வு என்னும் விந்தையான ஓர் இயல்பு தலைகாட்டும் என்று இக்காலத்து இயற்பியலார் கருதுகின்றனர். அது யாது என்பதைப் பின்னர்க் காண்போம். மனிதர் இவ்வளவு தொலைவுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதே இன்று நான் சொல்லவந்த வரலாறு. அவ்வரலாற்றில் தமிழகத்துக்கு உரிய பங்கு சிறிதன்று.

மார்கழி, தை மாதங்களின் இரவில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தென்கிழக்கே மிகுந்த ஒளியுடன் விளங்கும் விண்மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் சிரியசு. 1862-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஆல்வன் கிரகாம் கிளார்க் என்பவர், அதன் அருகே மங்கலான துணைவிண்மீன் ஒன்று இருப்பதைக் கண்டார். பிற்காலத்தில் அதன் எடையையும் அளவையும் கணக்கிட்டவர்கள் திகைத்துப் போயினர். எடையோ சூரியனை ஒத்தது. பருமனோ நம் பூமியை ஒத்தது. அதன் ஒரு கன செண்டிமீட்டர் பொருள் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. இத்தகைய விண்மீனுக்கு வெண் குள்ளன் என்று பெயர் வைத்தனர்.

எரிபொருள் தீர்ந்துபோன அவ்விண்மீன், தன் எடையைத் தானே தாங்காமல் நொறுங்கிப் போகாதிருப்பது எவ்வாறு? 1926-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரால்ப் பௌலர் இதற்கு விடை கண்டார். ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க மாட்டா என்பது பௌலி என்பார் 1925-இல் கண்ட விதி. வகுப்பறையில் ஓர் இருக்கையில் ஒரு மாணவரே அமரலாம் என்பது போன்றது அது. முன்வரிசைகள் நிரம்பிவிட்டால் பின்னர் வருவோர் மேலும் மேலும் உயர்ந்த வரிசைக்கு ஏற வேண்டும். அவ்வாறே, நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்குத் தள்ளப்பட்டு விரைந்து ஓடுகின்றன. அவ்வோட்டத்தால் எழும் அழுத்தமே விண்மீனைத் தாங்கி நிற்கிறது. வெப்பம் முற்றிலும் ஆறிய பின்னரும் இவ்வழுத்தம் குறைவதில்லை.

இங்கேதான் சென்னை மாணவர் ஒருவர் அரங்கிற்கு வருகிறார். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். சிறிய தந்தையார் சர் சி. வி. இராமன். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் பயின்றார். 1928-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். இளைஞர் சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று உரையாடினார். பாடநூல்களில் தாம் கற்ற அணுவியல் பழையதாகிவிட்டது என்பதையும், எலெக்ட்ரான்களைப் பற்றிய புதிய கணக்கியல் ஒன்று தோன்றிவிட்டது என்பதையும் அவ்வுரையாடலில் அவர் அறிந்தார். மனம் சோர்ந்து விடாமல் அப்புதிய முறையைத் தாமே கற்று, மறு ஆண்டே இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி வெளியீட்டில் கட்டுரை வரைந்தார். அப்போது அவர் இன்னும் கல்லூரி மாணவரே.

1930-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், அரசாங்க உதவித்தொகை பெற்று, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். தாயார் கடும் நோயுற்றிருந்தார். ஆயினும் மகனின் கல்வி தடைப்படக் கூடாது என்று அவரே வற்புறுத்தி அனுப்பினார். மகன் திரும்பி வந்து காணும் முன்னரே, 1931-இல் அவ்வன்னையார் காலமானார். அறிவுலகில் பெரும் பொருளாகிய ஒரு முடிவுக்குப் பின்னே இத்தகைய இழப்பும் உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கப்பலில் அவர் செய்தது என்ன? பௌலரின் கணக்கில் ஒரு குறை இருப்பதைக் கண்டார். வெண் குள்ளனின் நடுவே எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். அத்தகைய வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியல் விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். அவ்வாறு கைக்கொண்டால், விண்மீன் சுருங்கும்போது எழும் அழுத்தம், பௌலர் எண்ணிய அளவுக்கு விரைந்து ஏறுவதில்லை. எடை கூடக் கூட ஈர்ப்பின் கை ஓங்குகிறது. ஓர் எல்லைக்கு மேல் அழுத்தம் தோற்றுவிடுகிறது. அந்த எல்லை, இன்று நாம் கொள்ளும் மதிப்பின்படி, சூரியனின் எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்ட எடையுள்ள விண்மீன் வெண் குள்ளனாக ஓய்வுபெற இயலாது. அப்போது சந்திரசேகருக்கு இருபது வயதும் நிறைந்திருக்கவில்லை. எஸ்தோனியாவில் ஆண்டர்சனும் இங்கிலாந்தில் ஸ்டோனரும் ஏறத்தாழ அதே காலத்தில் இதை ஒட்டிய முடிவுகளுக்கு வந்தனர் என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். எனினும், விண்மீனின் முழுமையான அமைப்பை வைத்து அவ்வெல்லையை நிறுவிய பெருமை சந்திரசேகருக்கே உரியது.

1935-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919-ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து ஐன்ஸ்டீனின் கொள்கையை உலகறியச் செய்த பேரறிஞர் அவர். சந்திரசேகரின் கணக்கு உண்மையானால், எடை மிகுந்த விண்மீன் சுருங்கிக்கொண்டே சென்று ஒளிகூட வெளிவர இயலாத நிலையை அடைந்துவிடும் என்பதை அவர் சரியாகவே உணர்ந்தார். ஆனால், அதை நகைப்புக்குரிய முடிவாகக் கொண்டு, விண்மீன் அவ்வாறு நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று கூறினார். அவையோர் சிரித்தனர். இருபத்து நான்கு வயது இளைஞர் தனியே நின்றார்.

இவ்விடத்தில் நீங்கள் கருத வேண்டியது ஒன்று உண்டு. எடிங்டன் கூறியது பொருந்தாது என்பதைப் பௌலி முதலிய அறிஞர்கள் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர். ஆனால், அவருள் எவரும் வெளிப்படையாக எழுந்து சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் பிழைபடப் பேசியதைவிட, அறிந்தவர்கள் வாய் மூடியிருந்ததே அந்த இளைஞருக்கு மிகுந்த துன்பம் தந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். ஆயினும் அவர் மனம் கசந்து போகவில்லை. தம் முடிவுகளை எல்லாம் 1939-இல் ஒரு நூலாகத் தொகுத்து வெளியிட்டுவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். எடிங்டனுடன் நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1944-இல் அவர் மறைந்தபோது, அவருடைய பெருமைகளை எடுத்துரைத்து இரங்கலுரை ஆற்றியவர்களுள் சந்திரசேகரும் ஒருவர். நோபல் பரிசு அவரை 1983-ஆம் ஆண்டில்தான் வந்தடைந்தது. கப்பற்பயணத்துக்கும் பரிசுக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள்!

இனி, அந்த எல்லையைத் தாண்டிய விண்மீன் என்ன ஆகும் என்னும் வினாவுக்கு வருவோம். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டின் இறுதியிலேயே வால்டர் பாடே, பிரிட்சு சுவிக்கி என்னும் இருவர், பெரிய விண்மீன் வெடித்துச் சிதறும்போது அதன் உட்பகுதி நியூட்ரான்களே மலிந்த சிறு கோளமாக ஒடுங்கிவிடும் என்று கூறினர். எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அழுத்தப்பட்டு நியூட்ரான்களாகிவிடுகின்றன என்பது இதன் கருத்து. ஆனால், கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் எட்டாத அச்சிறு பொருளைத் தேடுவார் இலர். முப்பதாண்டுகளுக்கு மேல் அது தாளில் எழுதிய கணக்காகவே கிடந்தது.

1967-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி, புதிய வானொலித் தொலைநோக்கி ஒன்று வரைந்து தந்த தாள்களை ஆராய்ந்து வந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள தாள் சேரும். அவ்வளவு நீளத் தாளில் ஒரு செண்டிமீட்டருக்கும் குறைந்த இடத்தில் ஒரு சிறு கிறுக்கல் காணப்பட்டது. அதை அவர் புறக்கணிக்கவில்லை. திரும்பத் திரும்ப அதே விண்மீன் திசையிலிருந்து அது வருவதைக் கவனித்தார். கருவியை விரைந்து ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, 1.337 நொடிக்கு ஒரு முறை, கடிகாரமும் தோற்கும் ஒழுங்குடன் துடிப்புகள் வருவது தெரிந்தது. சுழலும் நியூட்ரான் விண்மீனே அவ்வாறு துடிக்கிறது என்று தாமஸ் கோல்டு 1968-இல் விளக்கினார். கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை சுழன்று நம்மைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்னல் தோன்றுவதைப் போன்றது இத்துடிப்பு. இவ்வகை விண்மீனைப் பல்சார் அல்லது துடிப்பு விண்மீன் என்கிறோம். 1974-இல் இக்கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றோர் பட்டியலில் அவருடைய ஆசிரியர் ஹியூவிஷின் பெயர் இருந்தது. மாணவியின் பெயர் இல்லை.

பெரிய விண்மீன் சுருங்கும்போது ஏன் விரைந்து சுழல்கிறது என்று கேட்பீர்கள். சுழல்நாற்காலியில் அமர்ந்து கைகளை நீட்டியவாறு சுற்றும் ஒருவர், கைகளை மார்போடு ஒடுக்கினால் வேகம் மிகும். கோண உந்தம் அழிவதில்லை என்னும் விதியே காரணம். பல லட்சம் கிலோமீட்டர் பரந்திருந்த பொருள் சில கிலோமீட்டருக்குள் ஒடுங்கினால் வேகம் எவ்வளவு மிகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1054-ஆம் ஆண்டில் சீனர்கள் கண்டு குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவே உள்ள துடிப்பு விண்மீன் ஒரு நொடிக்கு 30 முறை சுழல்கிறது. இதுவரை உறுதியாக அறியப்பட்டவற்றுள் மிக விரைந்து சுழல்வது நொடிக்கு 716 சுற்றுகள் சுற்றுகிறது.

இவ்வரலாற்றில் மீண்டும் ஒரு சென்னைக்காரர் வருகிறார். சர் சி. வி. இராமனின் மகனார் வெ. இராதாகிருஷ்ணன் 1929-இல் சென்னையில் பிறந்தவர். சந்திரசேகருக்குத் தம்பி முறை. 1969-இல் அவர் ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னுமிடத்து வானொலித் தொலைநோக்கியில் பணிபுரிந்து வந்தார். தென்வானில் வேலா என்னும் விண்மீன் கூட்டத்திலுள்ள துடிப்பு விண்மீனை அவர் ஆராய்ந்தார். அது நொடிக்கு 11 முறை சுழல்வது. அதன் அலைகளின் அதிர்வுத் திசை திரும்பும் முறையைக் கொண்டு, அவ்வலைகள் விண்மீனின் காந்தத் துருவத்திலிருந்து எழுகின்றன என்று அவரும் குக் என்பவரும் காட்டினர். அதே ஆண்டில் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. துடிப்பு விண்மீன்கள் நாளடைவில் மெல்ல மெல்லத் தளர்வதே இயல்பு. ஆனால், வேலா விண்மீன் திடீரென்று வேகம் கூடிச் சுழன்றது. அதன் சுற்றுக்காலம், ஒரு நொடியைக் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு கூறு குறைந்துவிட்டது. சுமார் 20 நாட்களில் இழந்த வேகத்தை ஒரே தாவலில் அது மீட்டுக்கொண்டது எனலாம். இராதாகிருஷ்ணனும் மான்செஸ்டர் என்பவரும் இதை உலகுக்கு அறிவித்தனர். அமெரிக்காவிலிருந்தும் இருவர் இதையே கண்டு அறிவித்தனர்.

இத்தாவல் எதனால் நிகழ்கிறது? நியூட்ரான் விண்மீனின் மேற்புறம் திண்மையான ஓடு. உள்ளே இருப்பதோ உராய்வே இல்லாத மீப்பாய்மம். அத்தகைய பாய்மம் பானைத் தண்ணீரைப்போல் ஒருசேரச் சுழலாது. எண்ணற்ற நுண்ணிய சுழிகளாகப் பிரிந்தே சுழலும். ஒவ்வொரு சுழியின் வலிமையும் குவாண்டம் விதியால் அளந்து வைக்கப்பட்டது. வேலா விண்மீனில் ஒரு சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 70,000 சுழிகள் இருக்க வேண்டும் என்று கணக்குக் கூறுகிறது. ஓடு தளரும்போது இச்சுழிகள் அதில் சிக்கிக்கொண்டு தம் வேகத்தை இழவாமல் இருக்கின்றன. ஒரு நாள் ஒருங்கே விடுபட்டு, சேமித்த வேகத்தை ஓட்டுக்குக் கொடுத்துவிடுகின்றன. 1975-இல் ஆண்டர்சனும் இட்டோவும் முன்வைத்த இவ்விளக்கமே இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது.

நம் நீலகிரியில், உதகையை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்று 1970 முதல் இயங்கி வருகிறது. பேராசிரியர் கோவிந்து சுவரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அதை அமைத்தனர். சுமார் 11 பாகைச் சரிவுள்ள மலைச்சரிவை அவர்கள் தேடிப் பிடித்தனர். அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே ஆதலால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டு வானத்து விண்மீனை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இயற்கையின் சரிவையே கருவியின் உறுப்பாக்கிய அந்த அறிவுக்கூர்மை வியக்கத்தக்கது. அத்தொலைநோக்கியையும் புனேவுக்கு அருகிலுள்ள பெருந்தொலைநோக்கியையும் கொண்டு, இளம் துடிப்பு விண்மீன்கள் எட்டில் கண்ட தாவல்களை இந்திய ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேலாவும் அவர்கள் காவல் காத்துவரும் விண்மீன்களுள் ஒன்று.

இப்போது குவாண்டம் பிறழ்வு என்பதைப் பார்ப்போம். சங்குகளில் வலம்புரி, இடம்புரி என இருவகை உண்டு அன்றோ? நுண்துகள்களிலும் அவ்வாறே உண்டு. ஒவ்வொரு துகளும் பம்பரம்போல் தற்சுழற்சி உடையது. தான் செல்லும் திசையை நோக்கித் திருகாணி முன்னேறுவதுபோல் சுழன்றால் அதை வலம்புரித் துகள் என்போம். மாறாகச் சுழன்றால் இடம்புரித் துகள் என்போம். எடையில்லாத துகள்களாயின், பழைய இயற்பியலின்படி வலம்புரிகளின் எண்ணிக்கை ஒரு கணக்கு. இடம்புரிகளின் எண்ணிக்கை மற்றொரு கணக்கு. இரண்டும் தனித்தனியே மாறாமல் இருக்க வேண்டும்.

ஆனால், குவாண்டம் உலகில் இவ்விரு கணக்குகளும் கலந்துவிடுகின்றன. அடியே இல்லாத இரண்டு கிணறுகள் அருகருகே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு துகள் அமர்ந்திருக்கிறது. மின்புலமும் காந்தப்புலமும் ஒரே திசையில் செயற்படும்போது, ஒரு கிணற்றில் எல்லாத் துகள்களும் ஒரு படி ஏறுகின்றன. மற்றதில் ஒரு படி இறங்குகின்றன. மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றில் வரவு, மற்றதில் செலவு. கிணற்றுக்கு அடி இருந்தால், ஏறிய கிணற்றின் அடிப்படி காலியாகக் கிடப்பதைக் காட்டி, புதிதாக எதுவும் தோன்றவில்லை என்று நிறுவலாம். அடியே இல்லாதபோது அவ்வாறு காட்ட வழியில்லை. மொத்தத் தொகை மாறவில்லை. ஆனால், வலத்துக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு மாறிவிட்டது. பழைய விதி காக்க நினைத்த ஒழுங்கு குவாண்டம் விதியால் பிறழ்ந்தது. இதுவே குவாண்டம் பிறழ்வு.

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று. மின்னேற்றமில்லாத பையான் என்னும் துகள் தோன்றிய மாத்திரத்தில் இரண்டு ஒளித்துகள்களாக அழிகிறது. பழைய ஒழுங்கு நிலைத்திருந்தால் அவ்வழிவு ஏறத்தாழ நடக்கவே கூடாது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆட்லரும், ஜெனீவாவில் பெல், ஜாக்கிவ் என்னும் இருவரும், பிறழ்வே அதற்குக் காரணம் என்று விளக்கினர். குவார்க்குகள் மூன்று 'நிறங்களில்' இருந்தால்தான் கணக்கும் அளவீடும் ஒத்துப்போகும் என்பதும் இதனால் உறுதிப்பட்டது. வேலா விண்மீன் தாவியதும், பிறழ்வுக் கொள்கை பிறந்ததும் ஒரே ஆண்டில் என்பது ஒரு வியப்பான பொருத்தம். அன்று இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தவர் இலர்.

இணைப்பு மெல்ல வந்தது. 1979-இல் அலெக்சாண்டர் விலென்கின், சுழலும் வெப்பப் பொருளில் நியூட்ரினோக்கள் சுழல் அச்சின் ஒரு பக்கத்தை நோக்கி மிகுதியாக ஓடும் என்று காட்டினார். காரணம் எளிது. பொருள் சுழலும்போது, அதனுள் உள்ள துகள்களின் தற்சுழற்சிகளும் ஓரளவு அச்சின் திசைக்கு ஒழுங்காகின்றன. அதனால் வலம்புரிகள் அச்சின் ஒரு முனையை நோக்கியும், இடம்புரிகள் எதிர்முனையை நோக்கியும் நகர முற்படுகின்றன. நியூட்ரினோக்களோ இடம்புரிகளே, ஆகவே அவற்றின் ஓட்டம் ஒரு பக்கமாகவே சாய்கிறது. 2004-இல் சோன், சிட்னிட்ஸ்கி என்னும் இருவர், அடர்ந்த பொருளில் பிறழ்வு விளைக்கும் ஓட்டங்களை ஆராய்ந்தனர். 2018-இல் ஹுவாங், நிஷிமுரா, யமமோட்டோ என்னும் மூவர், அடர்ந்த அணுக்கருப் பொருள் போதிய வேகத்துடன் சுழன்றால், பையான்கள் அடுக்கடுக்கான சுவர்களாக அமைந்த புதிய நிலையே அதற்கு ஆற்றல் குறைந்த நிலையாகிவிடும் என்று கணித்தனர். கோயில் மதிலில் கல்வரிசைகள் அடுக்கப்பட்டிருப்பதுபோல், அச்சுக்குக் குறுக்கே அவ்வடுக்குகள் நிற்கும்.

இக்கணிப்புகள் மெய்ப்பிக்கப்பட்டனவா என்று நீங்கள் கேட்பது முறையே. ஒரு பகுதிக்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் புரூக்கேவன் ஆய்வுக்கூடத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டு, சிதறிய துகள்களின் தற்சுழற்சி ஒழுங்குபட்டிருப்பதை 2017-இல் கண்டனர். அச்சிறு துளியின் சுழற்சி வேகம் நொடிக்கு ஒன்பதுக்குப் பின் இருபத்தொரு சுழியங்கள் இட்ட எண்ணின் அளவு. இவ்வாராய்ச்சிக் குழுவில் இந்திய நிறுவனங்களும் பங்குகொண்டுள்ளன. ஆனால், அத்துளி மிகுந்த வெப்பமுடையது. ஒரு கணத்தில் மறைவது. காந்தப்புலத்தால் எழும் பிறழ்வு ஓட்டத்தைக் காண, 2018-இல் அங்கேயே ருத்தேனியம், சிர்க்கோனியம் அணுக்கருக்களைக் கொண்டு தனிச் சோதனை நடத்தினர். அதன் முடிவுகள் 2021-இல் வெளிவந்தபோது, எதிர்பார்த்த அடையாளம் காணப்படவில்லை. விண்மீனுக்குள் பையான் சுவர்கள் நிற்பதையும் எவரும் இதுவரை கண்டதில்லை. சில துடிப்பு விண்மீன்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்குப் பிறழ்வு ஓட்டம் காரணமாகலாம் என்பது சிலர் கருத்து. அதுவும் இன்னும் கருத்தே.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதிப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தவன் நான். "ஐயா, இவையெல்லாம் பெரிய ஊர்களில் இருப்பவர்களுக்கு அன்றோ?" என்று என் மாணவர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். சந்திரசேகரிடம் கப்பலில் இருந்தவை தாளும் எழுதுகோலும் சில நூல்களுமே. ஜோசலின் பெல்லிடம் இருந்தது, ஒரு சிறு கிறுக்கலையும் தள்ளிவிடாத கவனம். உதகையில் தொலைநோக்கி அமைத்தோரிடம் இருந்தது, நம் மண்ணின் சரிவை உற்று நோக்கிய கண். இவற்றுள் எது விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கிடைக்காதது?

மற்றொன்றும் சொல்வேன். பெரியோர் சொன்னார் என்பதற்காக ஒரு கணக்கை விட்டுவிட வேண்டா. பெரியோர் மறுத்தார் என்பதற்காக அவரை வெறுக்கவும் வேண்டா. பிறர் சொன்னது சரி என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவையில் எழுந்து சொல்லுங்கள். 1935-ஆம் ஆண்டின் அக்கூட்டத்தில் அவ்வாறு எழுந்து சொல்ல ஒருவர் இருந்திருப்பின், அடர்ந்த விண்மீன்களின் ஆராய்ச்சி இன்னும் விரைந்து வளர்ந்திருக்கக்கூடும்.

பங்குனி மாதத்து நடுவே, நிலவில்லாத இரவில், ஒன்பது மணி அளவில், ஊரின் விளக்குகளுக்கு அப்பால் ஏரிக்கரைக்குச் சென்று தெற்கே நோக்குங்கள். அடிவானத்திலிருந்து சுமார் 33 பாகை உயரத்தில் வேலா விண்மீன் கூட்டம் நிற்கும். துடிப்பு விண்மீன் கண்ணுக்குத் தெரியாது; ஆனால், நீங்கள் ஒருமுறை கண் இமைத்துத் திறப்பதற்குள் அது ஒருமுறையேனும் சுழன்றிருக்கும். அடுத்த தாவல் எப்போது, அதன் உள்ளே நிகழ்வது என்ன என்னும் வினாக்களுக்கு முழு விடை இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்போகும் கைகளுள் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும்.